மூச்சு முட்டுன லாரியும் அந்தோணி பேரும்

பாலத்துல பாதி ஏறியாச்சி. அதுக்கு மேல போவ மாட்டேங்குது லாரி.

எங்க டிரைவர் அந்தோணி ஆக்சிலேட்டர மிதிக்கிறான், மிதிக்கிறான், பலகையோட பலகையா அமுக்குறான். இன்ஜின் கத்துது, வண்டி நவுறல. கியர கீழ தட்டுனான். இன்னும் கீழ தட்டுனான். அதுக்கும் கீழ தட்ட கியரு இல்ல. சைடு கண்ணாடில எட்டிப் பாக்குறேன், பின்னால கருப்பு பொக. டயர கொளுத்துனா வருமே, அந்த கலரு. அந்த பொகைல பின்னால வந்த பஸ்ஸே தெரியல, ஆரன் மட்டும் கேக்குது.

பக்கத்துல ஒரு ஷேர் ஆட்டோ ஒரசிகினு வந்துச்சி. அந்த பையன் தலைய வெளிய வுட்டு, "இன்னா பெர்சு, எறங்கி தள்ளட்டா?"ன்னான். உள்ள குந்திகினு இருந்த பொம்பளைங்க சிரிக்கிறாங்க.

அந்தோணிக்கு வேர்வ காதுக்குப் பின்னால ஓடி சட்ட காலர் நனையுது. நான் பக்கத்து சீட்டுல. கண்ணாடிக்கு மேல அவன் ஒட்டி வெச்ச மாதா படமும் கீது, நான் ஒட்டி வெச்ச அங்காளம்மா படமும் கீது. ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி கும்புட்டுகினு வரேன். யாரு தூக்குனாலும் சரி, மேல ஏறுனா போதும்.

முட்டி வலிக்கு தைலம் தடவிகினு வூட்டுல கெடக்க வேண்டிய கெழவி, தாம்பரம் மேம்பாலத்துல தண்ணி லாரில இன்னாத்துக்கு குந்திகினு இருந்தேன்னா, இந்த அந்தோணி டீசல் திருடனா இல்லியான்னு பாக்கத்தான்.

சின்ன மருமவ

எங்க வூடு பம்மல்ல. எனக்கு ஒரே புள்ள, செல்வம். தண்ணி லாரி ஓட்டம் எங்க வூட்டுக்காரரு ஆரம்பிச்சி வெச்சது. அவரு போன அப்பால புள்ள பாத்துக்கினு வரான். முடிச்சூர் தாண்டி ஒரு கெணத்தடி கீது, அங்க லைன்ல நின்னு தண்ணி ரொப்பிகினு, குரோம்பேட்ட, அஸ்தினாபுரம்னு அபார்ட்மெண்டுங்களுக்கு ஊத்தணும்.

இந்த லாரி எங்க வூட்டுக்கு வந்ததும், என் மருமவ மாலா வந்ததும் ஒரே மாசம். அதனால லாரிய நான் சின்ன மருமவன்னு கூப்புடுவேன். மாலா மூஞ்ச தூக்கி வெச்சிப்பா. "அத்தைக்கு என்ன விட அந்த மருமவ மேலதான் பாசம், எனக்கு என்னிக்காவது சர்வீஸ் பண்ணி குடுத்தீங்களா"ன்னு கேப்பா. வாய் கீது அவளுக்கு, வாய் இருந்தாதான் எங்க வூட்டுல குப்ப கொட்ட முடியும்.

எனக்கு எழுத்து தெரியாதுங்க. இந்த போனாண்ட பேசுனா அதுவே எழுதிக்குது. நான் இருமுனா அதயும் எழுதி வெக்குதாம், மாலா சொல்லி சொல்லி சிரிக்கிறா. எழுத்துதான் தெரியாதே ஒழிய, லாரி சத்தம் தெருமொனைல திரும்புறப்பவே லோடா, காலியான்னு சொல்லிடுவேன். அடுப்புல ஒல வெச்சிகினே சொல்லுவேன்.

அந்த சத்தம்தான் கொஞ்ச நாளா சரியில்ல. முன்னெல்லாம் ஏத்தத்துல ஒரு விசில் வரும், பால் குக்கர் மாதிரி. அது போச்சி. அதுக்கு பதிலா கெழவன் மாடிப்படி ஏறுற மாதிரி ஒரு மொனகல்.

சரி, திருஷ்டின்னு நெனச்சேன். தெருவுல ரெண்டு பேரு கண்ணு வெக்கிற ஆளுங்க கீறாங்க, பேரு சொல்ல மாட்டேன், அவங்களும் இத்த படிப்பாங்க. பூசணிக்கா வாங்கி குங்குமம் அடைச்சி சுத்தி ஒடைச்சேன். பொக இன்னும் ஜாஸ்தியாச்சி. ஒடைச்ச பூசணிக்கால வழுக்கினு எங்க வூட்டு பால்காரருதான் வுழுந்தாரு.

செல்வத்துக்கு வந்த சந்தேகம்

டீசல் தண்ணியா போவுது. முன்ன ஒரு தடவ ரொப்புனா ஓடுற ஓட்டம் இப்போ ஓட மாட்டேங்குது. செல்வம் போன்ல தட்டி தட்டி கணக்கு பாத்தான். அந்தோணி சொன்னான், "தம்பி, வண்டி இழுக்க மாட்டேங்குது. கீழ் கியர்லயே உருட்டுறேன், அதான் குடிக்குது."

செல்வம் அத்த நம்பல. இந்த தொழில்ல டியூப் போட்டு டீசல உறிஞ்சி கேன்ல வித்துட்டு, வண்டி குடிக்குதுன்னு சொல்ற டிரைவருங்க உண்டு. எங்க வூட்டுக்காரரு காலத்துல ஒருத்தன் இருந்தான். வாய்ல எப்பவும் ஏலக்கா மென்னுகினு இருப்பான். இன்னாடா இவ்ளோ மணமா கீறானேன்னு பாத்தா, டியூப்ல வாய் வெச்சி உறிஞ்சுற டீசல் நாத்தம் தெரியக்கூடாதுன்னு மென்னுருக்கான். ஏலக்கா வெலைக்கு அவன் இன்னாத்த சம்பாரிச்சானோ.

ஆனா அந்தோணி அப்டி ஆளு இல்ல. சிக்னல்ல கொஞ்ச நேரம் நின்னாலே இன்ஜின ஆஃப் பண்ணிடுவான். "அண்ணன் வண்டிய வேஸ்ட்டா எரிக்க மனசு வரலம்மா"ன்னுவான். அண்ணன்னா எங்க வூட்டுக்காரரு. செத்து போனவரு டீசலுக்கு பாத்துகினு இருக்குறவன், உசுரோட கீறவன் டீசல திருடுவானா?

செல்வம் இன்னா பண்ணான்னா, எங்கிட்ட கூட சொல்லாம கெணத்தடில போயி அத்தன லாரிக்காரங்க முன்னாடியும் சொல்லிட்டான், எங்க டிரைவர் டீசல்ல கை வெக்கிறாரு, வேற ஆளு பாத்துகினு கீறேன்னு. அந்த எடத்துல ஒரு வார்த்த வுழுந்தா பல்லாவரத்துலேந்து வண்டலூர் வரைக்கும் போயிடும். அப்பால ஒருத்தனும் அந்தோணிகிட்ட ஸ்டீரிங் குடுக்க மாட்டான். ஐம்பது வயசுக்கு மேல ஆவுது அவனுக்கு, வேற தொழில் தெரியாது.

புது டிரைவர் திங்கக்கெழம வரான்னு செல்வம் சொன்னான். சாயங்காலம் அந்தோணி வந்து சாவிய ஆணில மாட்டிட்டு, காபி வேணாம்மான்னு சொல்லிட்டு போனான். அவன் காபி வேணாம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

மஞ்ச கயிறு

புது ஆளு வர வரைக்கும் அந்தோணிதான் ஓட்டணும். மறுநாள் காலைல டீசல் போடுறப்பவே நான் போயி நின்னுட்டேன். டேங்க் வாய் வரைக்கும் ரொப்ப சொன்னேன். மூடிய மூடுன அப்பால, ஒரு மஞ்ச கயிற சுத்தி முடிச்சி போட்டேன். நான் போடுற முடிச்சி இந்த தெருவுல யாரும் அவுக்க முடியாது. எங்க தெருவுல பந்தகால் நட்டா என்னத்தான் கூப்புடுவாங்க, அப்பால கழட்டறதுக்கும் நான்தான் போவணும்.

செல்வம் தலைல அடிச்சிகினான். "மா, ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சாயங்காலம் இந்த முடிச்ச நீ வந்து அறு"ன்னுட்டு, அந்தோணி கைய புடிச்சிகினு வண்டில ஏறுனேன். ஏறுனேன்னு சொல்றேன், கெணத்தடி வரைக்கும் முட்டி என்ன திட்டிகினே வந்துச்சி.

அன்னிக்கித்தான் அந்த பாலம். எப்டியோ உருண்டு உருண்டு மேல ஏறி எறங்குனோம். அஸ்தினாபுரத்துல அபார்ட்மெண்ட் அம்மாங்க பக்கெட்டோட கேட்டாண்ட நின்னுகினு கீறாங்க. லேட்டுன்னு அந்தோணிய காச்சி எடுத்தாங்க. அவன் தண்ணி ஊத்துற ஓஸ் பைப்ப மாட்டிகினே எல்லாத்துக்கும் சாரி மேடம், சாரி மேடம்ன்றான். நான் எறங்கி, எம்மா, மொதல்ல குளிங்க, அப்பால திட்டுங்கன்னேன். ஒரு அம்மா சிரிச்சிட்டு எனக்கு மோர் குடுத்துச்சி. நல்ல பெருங்காய மோரு.

நாள் முழுக்க ஓடுனோம். வழில ஒரு எடத்துல கூட டேங்காண்ட ஒருத்தரும் போவல. சாயங்காலம் முடிச்சி போட்டது போட்டபடி கீது. செல்வம் பிளேடால அறுத்தான், குச்சி வுட்டு பாத்தான். டீசல் அடில கெடக்குது. ஒரு சொட்டு வெளிய போவாமயே அவ்ளோ குடிச்சிருக்கு சின்ன மருமவ.

நான் இடுப்புல கை வெச்சிகினு நின்னேன். செல்வம் குச்சியவே பாத்துகினு இருந்தான். அப்பால சொன்னான், "சரி, திருடல. அப்போ வயசாயிடுச்சி. கால் கனமாயி போச்சி, கண்டபடி மிதிக்கிறாரு. அவர் ஓட்டுறதுதான் கோளாறு."

கேட்டீங்களா. திருடன்லேந்து எறங்கி கெழவன்ல வந்து நிக்கிறான். திங்கக்கெழம மட்டும் மாறல.

பாய் கை வெச்சா

பம்மல்ல கரீம் பாய் மெக்கானிக் ஷெட்டு. நல்ல மனுசன்தான், பேச்சுதான் ஜாஸ்தி. அவரு கை வெச்ச வண்டி காசி வரைக்கும் நிக்காம போவும்னு சொல்லுவாரு. கை வெச்ச வண்டிங்க ஷெட்டு வாசல்லயே வரிசையா நின்னுகினு இருக்கும்.

ஞாயித்துக்கெழம காலைல சர்ச்சு முடிஞ்சி வெள்ள சட்டையோட வந்தான் அந்தோணி. செல்வமும் வந்தான். பாய்கிட்ட நான் முன்னாடியே சொல்லிட்டேன், சம்சா துன்ன வரல, இன்னா கோளாறுன்னு தெரியாம எழுந்துக்க மாட்டேன்னு. ஒரு பழைய டயர போட்டு குந்திகினேன்.

பாய் மொதல்ல சக்கரத்த தொட்டு பாத்தாரு. பிரேக்கு புடிச்சிகினே ஓடுனா சக்கரம் சூடாவும், வண்டி இழுக்காது, டீசல் குடிக்குமாம். சூடு இல்ல. ஜாக்கி போட்டு சுத்துனாரு, ஜம்முனு சுத்துது. அப்பால டீசல் ஃபில்டர மாத்துனாரு. அதே பொக. ஏர் ஃபில்டர கழட்டுனாரு. அது போன மாசம்தான் மாத்துனது, மல்லிப்பூ மாதிரி கீது.

பாய் கைய தொடைச்சிகினு, "டீசல் பம்பு போச்சு ஆயா. எறக்கணும். ஒரு வாரம் ஆவும்"னாரு.

செல்வம் உடனே, பாத்தியாமா, பம்பையே மிதிச்சி மிதிச்சி காலி பண்ணிட்டாருன்னு ஆரம்பிச்சான். அந்தோணி அன்னிக்கி மொத மொறையா வாய தொறந்தான். "பாய், எறக்குங்க. ஆனா ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிட்டு எறக்குங்க. சத்தம் கேக்கணும்."

ஃபில்டர் டப்பா மூடிய இன்னும் மாட்டல. அப்டியே தொறந்த வாக்குல கீது. பாய் சலிச்சிகினே ஏறி ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுத்தாரு.

எனக்கு புல்லரிச்சி போச்சி. அந்த விசிலு வந்துச்சிங்க.

பொகை குழாய பாத்தா ஒண்ணுமில்ல, லேசா ஊதுபத்தி மாதிரி ஒரு இழை. பாய் எறங்கி வந்து ஃபில்டர உள்ள வெச்சாரு, மூடிய மட்டும் மாட்டல. ரேஸ் குடுத்தா அதே விசிலு. அப்போ ஃபில்டர் நல்லா கீது. மூடிய மாட்டுனாரு. மொனகல். கருப்பு பொக.

கழட்டு. விசிலு. மாட்டு. பொக. பாய் வாய் அடைச்சி போயி நின்னத அன்னிக்கித்தான் பம்மல் பாத்துச்சி.

செல்வத்துக்கும் இப்போ சுருக்குன்னு ஆயிடுச்சி. "மூடுனா மட்டும் ஏன் பாய்? மூடுனா காத்து எங்கேந்து வருது?"

பாய் வெரல மேல காட்டுனாரு. கேபினுக்கு பின்னால ஒசரமா ஒரு குழாய் நிக்கும், பாத்துருப்பீங்க, நெட்டையா, மேல கழுத்து வளைஞ்சி. இன்ஜின் அது வழியாத்தான் காத்து இழுக்குமாம். அதான் அதுக்கு மூக்கு.

"அப்ப மூக்குலதான் இன்னாவோ அடைச்சிகினு கீது"ன்னேன் நான். டீசல் ஊத்த ஊத்த, எரிக்க காத்து இல்லன்னா பொகதானே வரும். ஸ்டவ்வுல காத்து ஓட்ட அடைச்சிகினா பாத்திரம் பூரா கரி புடிக்கிறதில்லியா.

பாய் மேல ஏறி குழாய் வாய்ல உள்ளங்கைய வெச்சாரு. இன்ஜின் ஓடுறப்ப கைய அப்டியே வெடுக்குன்னு இழுக்கணுமாம். சும்மா கொழந்த உறிஞ்சுற மாதிரி கீதுன்னாரு. அந்த வாய்ல ஒரு வலை இருக்கணும், அது துரு புடிச்சி கொட்டி போயி எத்தன நாளாச்சோ.

கீழ் முனைல குழாய கழட்டி, கம்பிய கொக்கி மாதிரி வளைச்சி உள்ள வுட்டு கிண்டுனாரு. மாட்டிகிச்சி. இழுத்தாரு.

ஜரிகை

மொதல்ல கரி வந்துச்சி. அப்பால ஒரு துணி நுனி. இழுக்க இழுக்க வந்துகினே கீது. கரில முக்குன துணி, ஆனா ஓரத்துல எதோ மினுக்குது. பாய் அத்த வெளிச்சத்துல விரிச்சி புடிச்சாரு.

ஜரிகை. ரோஸ் கலரு.

பொன்னாடை.

நான் செல்வத்த பாத்தேன். செல்வம் லாரிய பாத்தான். அந்தோணி தரைய பாத்தான், சிரிப்ப அடக்கறதுக்கு.

இப்ப ஒண்ணு சொல்லணும். நம்ம ஊருல பொன்னாடை வாங்காத மனுசன் உண்டா? வார்டுல லைட்டு போட்டவனுக்கு பொன்னாடை, லைட்டு போட சொன்னவனுக்கு பொன்னாடை. தண்ணி லாரிக்காரங்க கூட்டத்துல செல்வத்துக்கு ஒண்ணு போத்துனாங்க. சேர் எடுத்து போட்டதுக்குன்னு நெனைக்கிறேன். வூட்டுக்கு வந்தும் ரெண்டு நாள் அத்த கழட்டல.

ஆயுதபூஜை அன்னிக்கி லாரிய கழுவி, பொட்டு வெச்சி, வாழக்கன்னு கட்டுனப்போ, நம்மள வாழ வெக்கிறது இந்த வண்டிதானேம்மான்னு நெகுந்து போயி, அந்த பொன்னாடைய கொண்டாந்து வண்டிக்கு போத்துனான். எங்க போத்துவான்? லாரில கழுத்து மாதிரி கீறது அந்த நெட்ட குழாய்தான். அதுல சுத்தி முடிச்சி போட்டு, நுனிய வாயாண்ட தொங்க வுட்டு, கும்புட்டு, செல்பி எடுத்துகினான். நாங்களும் கை தட்டுனோம்.

அந்தோணி அன்னிக்கி ஊரப்பாக்கத்துல தங்கச்சி வூட்டுக்கு போயிருந்தான். அவன் இருந்திருந்தா அந்த குழாயாண்ட துணிய வுட்டுருக்கவே மாட்டான். அப்பால கொஞ்ச நாள்ல பொன்னாடைய காணோம். ஜிஎஸ்டி ரோட்டு காத்துல பறந்து போயிருக்கும்னு வுட்டுட்டோம். பறக்கல. சின்ன மருமவதான் மொள்ள மொள்ள இழுத்து முழுங்கிட்டா.

பாய் அத்த நாலு வெரல்ல புடிச்சிகினு, ரொம்ப மரியாதையா கேட்டாரு: "செல்வம் தம்பி, இது யாருதுன்னு தெரியுதா?"

நான் சிரிச்ச சிரிப்புல டயர்லேந்து சரிஞ்சி வுழுந்தேன். அந்தோணிதான் தூக்கி வுட்டான். அவனுக்கும் கண்ணுல தண்ணி. சிரிச்சதுல வந்ததுன்னுதான் சொன்னான்.

அந்தோணி கேட்டது

குழாய மாட்டி, புது வலை ஒண்ணு வெச்சி கட்டி, வண்டிய ஒரு சுத்து வுட்டு வந்தாங்க. சும்மா கண்ணுக்குட்டி மாதிரி துள்ளுது. செல்வம் சாவிய எடுத்து அந்தோணி கைல குடுத்தான். புது டிரைவருக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிட்டேன்னு சொன்னான். முடிஞ்சிதுன்னு நெனச்சேன்.

அந்தோணி சாவிய வாங்கல.

கைய பின்னால கட்டிகினு நின்னான். "தம்பி, வேல இல்லன்னா கூட பரவால்ல. கெணத்தடில ஒரு வார்த்த சொன்னீங்க. அத்த இந்த ஷெட்டுல திருப்பி வாங்க முடியாது."

செல்வத்துக்கு மூஞ்சி செவந்துடிச்சி. "அவங்கல்லாம் சிரிப்பாங்கண்ணே"ன்னான். அந்தோணி பின்னால கட்டுன கைய எடுக்கல. பெத்த புள்ளைக்கு எடுத்து குடுக்க வாய் வரைக்கும் வந்துச்சி, முழுங்கிட்டேன். அவன் பேசுனது, அவன்தான் போவணும்.

திங்கக்கெழம விடிகாலைல நாங்க மூணு பேரும் லாரில போனோம், செல்வமே ஓட்டுனான். லாரிங்க லைன்ல நிக்குது, மோட்டாரு ஓடுது, டிரைவருங்க டீ கிளாஸோட கும்பலா கீறாங்க. அந்தோணி எறங்குனத பாத்ததும் ரெண்டு பேரு பேச்ச நிறுத்திட்டு அந்த பக்கம் திரும்பிகினாங்க. நான் வண்டிலேந்து பாத்துகினே கீறேன்.

செல்வம் எறங்குனான். மோட்டார கொஞ்சம் நிறுத்த சொன்னான். கெணத்தடில மோட்டார நிறுத்துனா எல்லா தலையும் திரும்பும்.

"அந்தோணி அண்ணன் டீசல் எடுக்கல. நான் சொன்னது தப்பு. நான் போத்துன பொன்னாடை ஏர் குழாய்ல போயி அடைச்சிகிச்சி. பாய் ஷெட்டுல எடுத்தாங்க. தப்பு என்னுது."

அப்பால ஒருத்தன், "வண்டிக்கா போத்துன?"ன்னான். கெணத்தடியே குலுங்குச்சி. ஒருத்தன் டீ கிளாஸ கீழ வெச்சிட்டு வயித்த புடிச்சிகினான். இன்னொருத்தன் மைக் புடிக்கிற மாதிரி கைய வெச்சிகினு, அடுத்ததாக டிராக்டர் அவர்களுக்கு மாலை அணிவிப்பார்னு ஆரம்பிச்சிட்டான். செல்வம் அத்தனையும் வாங்கிகினு நின்னான், என் புள்ள. தலைய கூட குனியல. லாரி வாங்குன அன்னிக்கி கூட அவன பாத்து நான் அவ்ளோ சந்தோசப்படல.

மொதல்ல திரும்பிகினவன் ஒருத்தன் டீயோட அந்தோணியாண்ட வந்தான். "அண்ணே, சக்கர கம்மிதானே"ன்னு நீட்டுனான்.

அந்தோணி அத்த வாங்கி பொறுமையா குடிச்சான். கிளாஸ திருப்பி குடுத்தான். சாவிக்கு செல்வத்தாண்ட கைய நீட்டுனான். ஏறி என் பக்கத்துல குந்தி, ஸ்டார்ட் பண்ணி, ஜன்னல்ல தலைய வுட்டு ஒரு அதட்டு போட்டான்:

"சிரிச்சது போதும், லைன நவுத்துங்கடா. அஸ்தினாபுரத்துல ஜனம் குளிக்காம கீது."

நவுந்தாங்க. அத்தன லாரியும் ஒதுங்கி எங்களுக்கு வழி வுட்டுச்சி.